உறைபனி மாதத்து டிரவுட்: இரண்டு வெறுங்கை விடியலும் ஒரு மத்தியானமும்

முதல் நாள் மீன் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கும் இரண்டு மணிக்கும் நடுவே நாலு கடி. இரண்டு மீன் கரைக்கு வந்தன, ஒன்று முடிச்சை உருவிக்கொண்டு போனது, ஒன்றை நான் கடி என்றே தெரியாமல் கோட்டைவிட்டேன். அதே ஏரி, அதே தூண்டில், அதே இரண்டு பேர்.

நான் மூணாறில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். காலையில் ஓடாத மோட்டார் மத்தியானம் ஓடினால், ராசி என்று சொல்லி ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. எங்கே சூடு, எங்கே ஈரம் என்று பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில் அந்த ஜனவரி வாரத்தை மணி வாரியாக நோட்டில் எழுதி வைத்தேன். தப்பு எங்கே நடந்தது என்பது அந்த நோட்டிலேயே, இரண்டாம் நாள் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருக்கிறது.

கூட வந்தவன் போடிக்காரன், ஏலக்காய் வியாபாரம். பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்ச். வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்ததும், போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏறி வருவான். அவனுக்கு மீன்பிடிப்பு என்றால் வைகை அணை, மண்புழு, ஜிலேபிக் கெண்டை. விடிவதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவன் வேதம். எனக்கும் அதேதான். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த காலத்தில் வாட்சர் கண்ணில் படாமல் ஓடைக்குப் போக விடியற்காலைதான் தோது. அந்த நேரத்துக்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டா என்று இருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

இடமும் சாமானும்

ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நாற்பது கார் நிற்கும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்ன ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போனோம். ஆளுக்கு இரண்டு மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஓடைகள் வேறு கணக்கு. 1975-ல் சரணாலயமாகி 1978-ல் தேசியப் பூங்காவான இடம் அது. நினைத்தபோது தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று சுற்றுலாக்காரர்களுக்கே கதவை மூடிவிடுவார்கள்.

ஏரியின் தெற்கே மண்கரை. அதை ஒட்டிப் பதினைந்து, பதினெட்டு அடி ஆழம். வடக்கே ஏரி குறுகி ஒரு வளைவுக்குள் போகிறது. அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். அடியில் கறுப்புச் சேறு, ஓரத்தில் கோரை. சோலையிலிருந்து வரும் ஓடை ஒன்று பக்கத்தில் விழுகிறது. இந்த வளைவும் அந்தக் கரையும்தான் இந்தக் கதையின் இரண்டு முனைகள்.

டிரவுட் நம் ஊர் மீன் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ரெயின்போ டிரவுட்டின் பூர்வீகம் பசிபிக் கடலோரம், வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம். வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோக்குக்காக மலைக்குக் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் 1863-லேயே பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் முயன்று தோற்றார். பிறகு அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் தென்னிந்தியாவில் இந்த மீன் காலூன்றியது. மூணாறு மலைக்கும் அதே ஆசைதான் இதைக் கொண்டுவந்தது. குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் கரையும், இதற்கு அது வேண்டும். 10 முதல் 16 டிகிரி வரை நன்றாக இரை எடுக்கும். 20 தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் பிழைப்பதே கஷ்டம். குளிர் மீன் என்பதால் எவ்வளவு குளிர்ந்தாலும் அதற்குக் கொண்டாட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று இல்லை, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தமாகும், பசி குறையும், பத்தடி நீந்திப் போய் இரையைப் பிடிக்க அதற்கு மனசு வராது.

தூண்டில் ஃபிளை தூண்டில். ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஓர் எஸ்டேட் அதிகாரி, பம்ப் மோட்டார் சரிசெய்த கூலிக்குப் பதிலாக எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒன்பதடி ராடு, 5-ம் நம்பர் லைன். தெரியாதவர்களுக்கு: இதில் ஈயக்குண்டு கிடையாது, புழு கிடையாது. முள்ளில் நூலும் தூவலும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்ததுதான் ஃபிளை. அதற்கு எடையே இல்லை என்பதால், தடிமனான லைனின் எடைதான் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுகிறது. சாட்டை வீசுவது போலத்தான், ஆனால் சாட்டையைச் சொடுக்குகிற அவசரம் கூடாது. போடிக்காரன் இதைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆனது. இன்னும் வருஷத்துக்கு ஒரு ஃபிளையைத் தன் குல்லாவிலேயே மாட்டிக்கொள்வான்.

தெர்மாமீட்டர் மீன் தொட்டி விற்கும் கடையில் வாங்கியது. ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், அரை டிகிரி கூடக் காட்டியது. கீழே வரும் எண்களில் அந்த அரையைக் கழித்துவிட்டேன். ஆழத்தில் அளக்க, தெர்மாமீட்டரை வாய் குறுகிய பாட்டிலுக்குள் வைத்து, கல் கட்டி இறக்கி, ஐந்து நிமிடம் கிடக்க விட்டு இழுத்தேன். அந்த ஆழத்துத் தண்ணீரோடேயே மேலே வருவதால் வழியில் அளவு மாறாது.

வெறுங்கை

முதல் நாள் காலை 6.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். கோரைப்புல் எல்லாம் உப்புத் தூவினது போல வெள்ளை. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி விழும் நாளில்கூட மேட்டு லயத்து வாசல் ஈரமாக மட்டும் இருக்கும். நெஞ்சு உயரத்தில்கூடக் காற்று பூஜ்யத்துக்குக் கீழே. கரையோரம் பதினைந்தடி ஆழத்தில் தண்ணீர் 9. கையை விட்டுப் பார்த்த போடிக்காரன், "மாப்ள, வெந்நி வச்ச மாதிரில்ல இருக்கு!" என்றான்.

ஒவ்வொரு முறை லைனை இழுக்கும்போதும் அதில் ஒட்டி வந்த தண்ணீர் ராடு முனையின் குட்டி வளையங்களில் தேங்கி ஐஸாக இறுகியது. பத்து வீச்சுக்கு ஒருமுறை விரலால் தேய்த்து உதிர்க்க வேண்டியிருந்தது. மீன் மேலே வரும் அறிகுறி ஒன்றுமில்லை. பத்து மணிக்கு விரலும் மூக்கும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பினோம்.

ஏன் கிடைக்கவில்லை? வாட்சர் அண்ணன் நிலாவைச் சொன்னார். போடிக்காரன் ஃபிளையின் நிறத்தைச் சொன்னான். நான் ஆழத்தைச் சொன்னேன். அந்த அதிகாரி விட்டுப்போன இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களும் என் பக்கம் இருந்தன: குளிர்காலத்தில் ஆழம் போ, மெதுவாக இழு.

இரண்டாம் நாள் அதனால் கனமான ஃபிளைகள், உடம்பில் செம்புக் கம்பி சுற்றியவை. காயில் கம்பி, கடையில் வேண்டிய அளவு கிடக்கிறது. அடி வரை இறக்கி இழுத்தோம். பாசியில் மாட்டி ஐந்து போனது. எட்டரை மணிக்குப் போடிக்காரன் ராடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தபோது லைன் மெல்ல நகர்ந்தது. அவன் பதறிச் சுண்டுவதற்குள் விட்டுவிட்டது. அந்த ஒரு கடி, ஃபிளை அசையாமல் கிடந்தபோது வந்த கடி. நோட்டில் எழுதினேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு வடக்கு வளைவிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 7 டிகிரி. கரையோரத்தைவிட இரண்டு டிகிரி குறைவு. முழங்கால் தண்ணீர், ராத்திரிக் குளிரை முழுசாக வாங்கிக்கொள்ளும், நியாயம்தான். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வடக்கு வளைவு 7. இங்கே மீன் இருக்காது. இனி பார்க்க வேண்டாம்."

அதில் முதல் இரண்டு சொல்லும் எண்ணும் சரி. "இருக்காது" என்பதும் அந்த நேரத்துக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். "இனி" என்பதுதான் தப்பு. குளிர்ந்த காயிலில் ரெசிஸ்டன்ஸ் ஒன்று, ஒரு மணி நேரம் ஓடிச் சூடான காயிலில் வேறொன்று. எந்த நிலையில் அளந்தாய் என்று எழுதாத எண் எண்ணே இல்லை என்று கடைப் பையனிடம் நாள் தவறாமல் சொல்லுகிறவன் நான். ஏழு மணி அளவை இடத்தின் குணமாக எழுதிவைத்தேன்.

மத்தியானம்

மூன்றாம் நாள் தாமதத்துக்குக் காரணம் ஒரு பம்ப் மோட்டார். ஒரு விடுதியில் தண்ணீர் ஏறவில்லை என்று விடியற்காலையிலேயே போன். முடித்துவிட்டு ஏரிக்குப் போகும்போது பதினொன்றரை. போடிக்காரன் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். "இனிமே என்னத்த மீனு. சோத்தத் தின்னுட்டு ஊரு போய்ச் சேருறேன்." கரை வரை நடக்க மாட்டேன் என்று, ரோட்டுப் பாதை வந்து முடியும் இடத்திலேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்த இடம் வடக்கு வளைவு.

பாதி சாப்பாட்டில், "மாப்ள, அங்க பார்ரா, தண்ணி பொரியுது" என்றான். காற்று இல்லை. கோரைக்கு ஆறடி தள்ளி, தண்ணீர்மேல் கொசுவைவிடச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் புகை மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தண்ணீர் மேலெழும்பித் தணிந்தது. மூக்கு தெரியவில்லை, முதுகின் கோடு மட்டும்.

12.20-க்கு வளைவில் 13.5 டிகிரி. ஓடிப்போய்க் கரையில் அளந்தேன்: மேலே 11, ஆழத்தில் 9.5. காலையில் இரண்டு டிகிரி குறைவாக இருந்த இடம், மத்தியானம் ஆழத்தைவிட நாலு டிகிரி கூட.

செம்பு ஃபிளைகளைக் கழற்றிவிட்டு, 16-ம் நம்பர் பொடி முள்ளில் கறுப்பு நூல் மட்டும் சுற்றிய ஒன்றைக் கட்டினோம். அதற்கு ஒன்றரை அடி மேலே தக்கைத் துண்டு. போட்டுவிட்டு இழுக்கவில்லை. இரண்டாம் நாள் கடி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. முதல் கடியை நான் கோட்டைவிட்டேன். தக்கை முங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது முங்கவில்லை, ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது, அவ்வளவுதான். குளிர் தண்ணீரில் இந்த மீன் வாயில் வாங்கிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். ஜிலேபி மாதிரி தக்கையை இழுத்துக்கொண்டு ஓடும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

12.50-க்குப் போடிக்காரனுக்குப் பத்தங்குலப் பெட்டை. வயிறு உப்பியிருந்தது, பிடித்ததும் இரண்டு மஞ்சள் முட்டை கையில் ஒட்டியது. குளிர் மாதங்கள்தான் இங்கே இதற்குச் சினைக்காலம். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளை எடுத்து விட்டுவிட்டோம். வந்தேறி மீனை விடுவதில் என்ன புண்ணியம் என்று கேட்பவர்கள் உண்டு. சோலை ஓடையாக இருந்தால் நானும் அதையே கேட்பேன். இது குஞ்சு வாங்கி விட்ட ஏரி, சினை மீனைத் தின்ன எங்களுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்தது நல்ல மீன். நாலு வினாடி இருந்தது. முள்ளைக் கட்டும் நைலான் நரம்பைச் சுருட்டி எடுத்துப் பார்த்தேன்: நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தது. அறுந்திருந்தால் நுனி நேராக நின்றிருக்கும். சுருண்டால் முடிச்சு நழுவியது என்று அர்த்தம். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசும் சூட்டில் நைலான் பலம் இழக்கும், முடிச்சும் சரியாகப் படியாது. விரல் விறைத்துப் போனவன் கட்டின முடிச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அன்று வெயிலில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

1.40-க்கு எனக்கு ஓர் ஆண். பன்னிரண்டு அங்குலம், கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளைந்தது. இதை எடுத்துக்கொண்டோம்.

அங்கேயே கல்லில் வைத்து வயிற்றை அறுத்தேன். ஏதோ ஆராய்ச்சிக்காரன் மாதிரி உட்கார்ந்து எண்ணுகிறானே என்று போடிக்காரனுக்குச் சிரிப்பு. அரிசியில் பாதி அளவுள்ள கறுப்புக் கூட்டுப்புழுக்கள் நாற்பதுக்குமேல், ரத்தச் சிவப்பில் சில புழுக்கள், ஒரு தும்பியின் இளம்புழு, கொஞ்சம் பாசி. அந்தக் கறுப்பும் சிவப்பும் ஒரே பூச்சியின் இரண்டு பருவங்கள். சிவப்புப் புழுவாகச் சேற்றுக்குள் கிடக்கும், கூட்டுப்புழுவாகி மேலே மிதந்து வந்து, தோலை உரித்துப் பறக்கும். மேலே புகை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது இதுவேதான். ஆழத்தில் நாங்கள் இழுத்த செம்பு ஃபிளை மாதிரி ஒன்றுகூட வயிற்றில் இல்லை.

புத்தகம் எங்கே சறுக்கியது

இரண்டு புத்தகமும் குளிர்காலத்தில் பகல் நேரத்தைத்தான் சொல்லியிருந்தன. அதை நாங்கள் மதிக்கவில்லை, வைகை அணைப் பழக்கத்தில் விடியலுக்குப் போனோம். ஆழத்தைச் சொல்லியிருந்தன, அதை அப்படியே நம்பினோம். எதை நம்பக் கூடாதோ அதை நம்பி, எதை நம்ப வேண்டுமோ அதை விட்டோம்.

ஆழம் பற்றி அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. ஜனவரி நடுவில் ஸ்காட்லாந்தில் உச்சிவேளைச் சூரியன் தொடுவானத்துக்கு மேலே பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான் ஏறும். அந்த வெயில் ஓரத் தண்ணீரைச் சூடாக்காது, கால்வாசி அதன்மேல் வழுக்கிக்கொண்டே போய்விடும். மூணாறு பூமத்திய ரேகைக்குப் பத்து டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே அதே நாளில் சூரியன் கிட்டத்தட்ட அறுபது டிகிரி ஏறுகிறது. மலை உயரத்தில் காற்றும் தெளிவு. முழங்கால் தண்ணீர், அடியில் கறுப்புச் சேறு, பக்கத்தில் காற்றைத் தடுக்கும் கோரை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த அதே ஆழமின்மைதான் பகலில் சட்டென்று சூடேறவும் காரணம். ராத்திரிக் குளிர் ஐரோப்பா, பகல் வெயில் போடி. இரண்டும் ஒரே நாளில் நடக்கிற இடத்துக்கு அந்தப் புத்தகங்கள் எழுதப்படவில்லை.

அப்படியானால் விடியலில் மீன் ஆழத்தில்தானே இருந்திருக்கும், ஏன் கடிக்கவில்லை? 9 டிகிரியில் மீன் சாகாது, சும்மா இருக்கும். அதன் மூக்குக்கு முன்னால் அசையாமல் கிடந்த ஒன்றை ஒரே ஒரு மீன் வாயில் வாங்கியது. மெதுவாக இழுத்தோம் என்று நினைத்தோம், அந்த மீனின் கணக்கில் அது ஓட்டம்.

இவ்வளவும் ஒரு மத்தியானத்தை வைத்துச் சொல்வது. காற்று நின்றதுகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் அடுத்த வாரம் வெயில் நாளில் நான் மட்டும் போனேன். பதினொன்றரை மணிக்கு வளைவில் 12.5, ஒன்றரைக்குள் இரண்டு மீன், இரண்டும் ஆண். காற்று அன்று நன்றாகவே இருந்தது, ஆகவே காற்றை விட்டுவிடலாம். ஆனால் வெயில் இல்லாத நாளில் வளைவு எப்படி என்று பார்க்காமல் சோதனை முடியாது.

அந்த நாள் மாதக் கடைசியில் வந்தது. காலையிலிருந்தே மேகம், ராத்திரி உறைபனிகூட விழவில்லை. போடிக்காரன் வேறு வேலையாக மூணாறு வந்தவன் கூடவே தொற்றிக்கொண்டான். போன முறை பொரித்துத் தின்ற ஆண் மீனைத் தேங்காயெண்ணெயில் போட்டதற்கு இன்னும் குறை சொல்லிக்கொண்டிருந்தான், கடலையெண்ணெயில் போட்டிருக்க வேண்டுமாம். பன்னிரண்டு மணிக்கு வளைவில் 10. ஒரு மணிக்கும் 10. கரையோர ஆழத்தில் 9.5. பூச்சி பறக்கவில்லை, தண்ணீர் பொரியவில்லை. அதே கறுப்பு ஃபிளையை ஒன்றரை அடியில் தொங்கவிட்டு இரண்டு மணி வரை தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெர்மாமீட்டரை இந்த முறை அவனே இழுத்தான். கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பத்துடா" என்றான். நோட்டை எடுத்து எழுதினேன். அவன் புளியோதரையைப் பிரித்தான்.